பிக்கப் வண்டியின் முன் சஸ்பென்ஷன் சீக்கிரம் தேய்ந்தால் என்ன செய்வது: நெல்லைத் தடங்களை வைத்து ஓர் ஒப்பீடு

களக்காட்டிலிருந்து திருநெல்வேலி நயினார்குளம் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிச் செல்லும் எங்கள் பிக்கப் வண்டி 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, நாங்குநேரிக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் இறங்குகையில் முன் இடப்பக்கத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. டயரைக் கழற்றிப் பார்த்தபோது உள்விளிம்பு மட்டும் தனியாகத் தேய்ந்திருந்தது. ஒரு பட்டறையில், சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். இன்னொரு பட்டறையில் இரண்டு பக்கத்து ஆர்மையும் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு, அதாவது சேஸிஸோடு, இணைக்கும் இரும்புக் கை) முழுதாக மாற்றச் சொன்னார்கள். ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கில் வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பாரை முறுக்கி வண்டியைத் தூக்கிவிட்டால் சத்தம் போய்விடும் என்பது மூன்றாமவர் சொன்ன யோசனை. திசையன்விளையில் மீன் பெட்டி ஏற்றும் என் மைத்துனரோ, இந்த வண்டியை விற்றுவிட்டு முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்) உள்ள வண்டியாக வாங்குவதே நல்லது என்றார்.

நால்வர் சொன்னதும் ஏதோ ஒரு வண்டிக்குப் பொருந்தும் யோசனைதான் என்பதை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இதிலேயே உழன்ற பிறகு சொல்கிறேன். எந்த வழி எந்த வண்டிக்கு, எந்தத் தடத்துக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்காமல் சாமானின் விலையை மட்டும் வைத்து முடிவெடுத்ததால், நாங்கள் ஒரே வேலைக்கு இருமுறை பணம் கொடுத்தோம். அந்தச் செலவு வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தேய்மானம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். பிக்கப் வண்டியில் சரக்கின் எடை பெரும்பாலும் பின் அச்சின் மேல்தான் விழுகிறது. அப்படியிருக்க முன்பக்கம் ஏன் முதலில் தேய்கிறது என்ற கேள்வி நியாயமானது. வாழைத்தாரைக் கேபினுக்கு மேலே உயரும்படி அடுக்கும்போது எடையின் மையம் மேலே போய்விடுகிறது. அந்த நிலையில் பிரேக்கை மிதித்தால், எடையின் ஒரு பெரும் பங்கு அந்தக் கணத்தில் முன் சக்கரங்களின் மேல் சாய்கிறது. வேகத்தடையைக் கடைசி நொடியில் பார்த்து, பிரேக்கை மிதித்தபடியே அதன் மேல் ஏறும் ஓட்டுநர், ஏற்கெனவே அமுங்கிய ஸ்பிரிங்கின் மேல் இன்னொரு அடியைக் கொடுக்கிறார். ஊர்ச் சாலைகளில் எதிரே பேருந்து வந்தால் இடப்பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கி, மறுபடி தார் விளிம்பில் ஏற வேண்டியிருக்கிறது. எங்கள் வண்டியில் இடப்பக்கமே முதலில் ஆட்டம் கண்டதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பால் ஜாயிண்ட் என்பது ஒரு கிண்ணத்துக்குள் திரும்பும் எஃகு உருண்டை. அதைக் காப்பது கிரீஸும் அதன் மேல் போர்த்திய மெல்லிய ரப்பர் உறையும்தான். உறை ஒரு விரற்கடை கிழிந்தால் போதும். சாத்தான்குளம், உவரிப் பக்கத்துத் தேரியின் (செம்மணல் மேடு) சிவந்த நுண்மணல் உள்ளே புகுந்து, கிரீஸோடு கலந்து, உருண்டையை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, மைத்துனரின் வண்டி ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து இரு பக்கத்து லோயர் (கீழ்) பால் ஜாயிண்ட்டும் ஒன்றாக ஆட்டம் காட்டின. மீன் ஏற்றும் வண்டிகளுக்கு இதோடு உப்புநீர் என்ற தனிப் பகையும் உண்டு. பெட்டியிலிருந்து வடியும் பனிக்கட்டி நீர் சட்டத்திலும் போல்ட்டுகளிலும் வழிந்து துருவை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

எல்லாத் தேய்மானத்துக்கும் சாலையும் சரக்கும்தான் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம், டகோமா உள்ளிட்ட ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை லோயர் பால் ஜாயிண்ட்டுக்காகத் திரும்ப அழைத்தது. உருண்டையின் மேற்பரப்பில் தயாரிப்பின்போதே கீறல் விழுந்திருக்கக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆகவே உத்தரவாதக் காலத்துக்குள் ஆட்டம் வந்தால், வெளியே யார் கையிலும் கொடுக்காமல், முதலில் நிறுவனத்தின் சேவை மையத்தில் எழுத்துமூலம் பதிய வைப்பதே சரி. வெளியில் பிரித்த ஜாயிண்ட்டுக்கு உத்தரவாதம் கேட்பது வீண் வழக்கு.

முடிவுக்கு முன் அரைமணி நேரம்

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும், எது தேய்ந்திருக்கிறது என்பதைத் தன் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. இதற்கு ஒரு ஜாக்கி, ஒரு கடப்பாரைக் கம்பி, உதவிக்கு ஓர் ஆள் போதும்.

ஜாக்கியை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ லோயர் ஆர்மின் மேல் வேலை செய்யும் வண்டியில், சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால், ஆர்ம் கீழே தொங்கித் தடுப்பில் இறுகி நிற்கும். தேய்ந்த ஜாயிண்ட்கூட ஆட்டம் காட்டாது. லோயர் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைத்துத் தூக்கினால் ஜாயிண்ட்டின் மேலுள்ள அழுத்தம் விலகி, உண்மையான ஆட்டம் கைக்குத் தெரியும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் ஆட்டம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால், உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைக்க வேண்டும். பிரேக்கில் ஆட்டம் மறைந்தால் கோளாறு வீல் பேரிங்கில் இருக்கிறது. மறையாவிட்டால் பால் ஜாயிண்ட்டில். இடமும் வலமுமாகப் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் வந்தால், சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பியின் முனையான டை ராட் எண்டைச் சந்தேகிக்கலாம். ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் கம்பியை விட்டு நெம்பினால், அங்கே அதிர்வைத் தாங்கும் புஷ்ஷின் ரப்பர் இரும்பு உறையிலிருந்து பிரிந்திருப்பது தெரிந்துவிடும்.

டயரும் ஒரு சாட்சி. ஒரு தோள் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பர் கோணம் (சக்கரத்தின் மேற்புறம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) மாறியிருக்கும். கையால் தடவும்போது ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம் போல உறுத்தினால் டோ (சக்கரத்தின் முன்முனை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) கெட்டிருக்கிறது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது என்று பொருள். ஷாக் அப்சார்பர் செத்த வண்டியில் புதுப் பால் ஜாயிண்ட் போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் வேலை. ஆர்ம் ஒவ்வொரு குழியிலும் தன் எல்லை வரை போய் இடித்துக்கொண்டே இருக்கும்.

தேய்ந்ததை மட்டும் மாற்றுவது

கையில் பணம் குறைவாக இருக்கும் நாளில் எல்லோரும் போகும் வழி இது. நாங்களும் முதலில் இதில்தான் போனோம். சோதனையில் ஒரே ஒரு ஜாயிண்ட் மட்டும் ஆடுகிறது, புஷ்களில் வெடிப்பில்லை, வண்டியும் 30,000 கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்கிறது என்றால் இதில் தவறில்லை. உறை கிழிந்ததால் கெட்ட ஒற்றை ஜாயிண்ட்டுக்காக இரண்டு ஆர்மையும் மாற்றுவது வீண் செலவு.

ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகளை நான் வைப்பேன். ஜாயிண்ட்டைக் கழற்றும்போது சுத்தியலால் அடிக்காமல் புல்லர் கொண்டு இழுக்க வேண்டும். அடித்தால் பக்கத்திலுள்ள நல்ல உறையும் கிழியும். அழுத்திப் பொருத்தும் வகை ஜாயிண்ட்டாக இருந்தால் பிரஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும். அழுத்திப் பிடிக்க வேண்டிய துளை தளர்ந்துபோய், புது ஜாயிண்ட் கையாலேயே உள்ளே போகிறதென்றால் அந்த ஆர்மின் ஆயுள் முடிந்துவிட்டது. அதை வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை அப்படியே திரும்ப எடுத்துவந்துவிட வேண்டும். வெல்டிங் சூட்டில் ஆர்மின் எஃகு தன் உறுதியை இழக்கிறது, ஜாயிண்ட்டின் உள்ளிருக்கும் மெத்தையும் கருகுகிறது. லோயர் பால் ஜாயிண்ட் ஓடும்போது கழன்றால், சக்கரம் மடங்கி வண்டி நிலத்தில் உட்கார்ந்துவிடும். கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நடப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

எந்தச் சாமான் என்பதிலும் அவசரம் கூடாது. கம்பெனிப் பெட்டியில் வருவது மட்டுமே நல்ல சாமான் என்பதில்லை. வாகன நிறுவனங்களுக்கே ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளைச் செய்து தரும் சென்னையின் ரானே மெட்ராஸ் போன்ற தயாரிப்பாளர்கள் சில்லறைச் சந்தைக்கும் தருகிறார்கள். அவற்றை நம்பி வாங்கலாம். பெயரில்லாத பெட்டியில், பாதி விலைக்கு வரும் ஜாயிண்ட்டைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். எங்கள் வண்டியில் அப்படிப் போட்டது ஏழே மாதத்தில் மறுபடி சத்தம் போட்டது.

இரு பக்கமும் முழுதாக மாற்றுவது

வண்டி 40,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்து, ஒரு ஜாயிண்ட் ஆடி, புஷ்களிலும் வெடிப்பு தெரிந்தால், லோயர் ஆர்ம்களை இரு பக்கமும் புஷ், ஜாயிண்ட்டோடு சேர்த்து மாற்றி, டை ராட் எண்ட்களையும் புதிதாகப் போட்டு, அன்றைக்கே வீல் அலைன்மெண்ட் செய்துவிடுவது நல்லது என்பதே என் முடிவு. பில்லைப் பார்த்தால் இது முதல் வழியைப்போல நான்கு மடங்காகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றாக மாற்றும்போது ஒவ்வொரு முறையும் கூலியும் அலைன்மெண்ட் செலவும் தனித்தனியாக வருகின்றன. அதற்கிடையில் கோணம் கெட்ட சக்கரம் ஒரு ஜோடி டயரைத் தின்றுவிடுகிறது. வண்டி நிற்கும் நாளின் வாடகை இழப்பையும் சேர்த்துக் கூட்டினால் வித்தியாசம் வேகமாகச் சுருங்கிவிடும். சாமானின் விலையை அது ஓடிய கிலோமீட்டரால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு முன்பே இருந்திருந்தால், அந்த ஏழு மாத ஜாயிண்ட்டை வாங்கியிருக்கவே மாட்டோம்.

ஆனால் இந்த வழியில் செலவழித்தவர்களும் ‘எல்லாம் புதுசாகப் போட்டும் ஒரு வருடத்தில் புஷ் கிழிந்துவிட்டது’ என்று நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். இதற்குச் சாமானைக் குறை சொல்வதற்கு முன், புஷ் எப்படி முறுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். ஆர்ம் புஷ்ஷில் உள் இரும்புக் குழாய்க்கும் வெளி உறைக்கும் நடுவில் ரப்பர் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் வழுக்குவதில்லை, முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. வண்டி தூக்கியில் இருக்கும்போது, சக்கரம் கீழே தொங்கும் நிலையில், போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையே ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் சாதாரணமாக நிற்கும்போதே ரப்பர் பாதி முறுக்கில் இருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் மீதி முறுக்கும் ஏறி, சில மாதங்களில் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையால் மட்டும் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரங்களின் மேல் நிற்கவைத்த பிறகே கடைசி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும். வள்ளியூர்ப் பக்கம் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரி இதை எனக்கு ஒரே வரியில் சொன்னார்: “அண்ணாச்சி, ஆர்ம் போல்ட்டை வண்டி காலூன்றி நிக்கும்போதுதான் முறுக்கணும்.”

இந்த ஒரு கேள்வியை வைத்தே பட்டறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன். சேவை மையத்தில் போல்ட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சும் அளவுக் குறிப்பும் இருக்கும். ஆனால் நாள் முழுதும் காத்திருக்க வேண்டும், கூலியும் கூடுதல். தெருவோரப் பட்டறையில் கூலி குறைவு, நம் கண்ணெதிரே வேலை நடக்கும். ஆனால் பிரஸ்ஸோ டார்க் ரெஞ்சோ இல்லாமல் இருக்கலாம். போல்ட்டை எப்போது முறுக்குவீர்கள் என்று கேட்டால், இரண்டு இடத்திலும் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.

டார்ஷன் பாரை முறுக்குவதும் கடினமான புஷ் போடுவதும்

மூன்றாமவர் சொன்ன யோசனை மிகவும் மலிவானது. நான் மிகவும் எதிர்ப்பதும் அதைத்தான். டார்ஷன் பாரின் சரிசெய்யும் போல்ட்டைத் திருகினால் வண்டியின் முன்பக்கம் உயர்கிறது. பாரின் விறைப்போ அதன் தாங்கும் திறனோ கூடுவதில்லை. முன்பக்கம் உயர்ந்த வண்டியில் ஆர்ம்கள் எப்போதும் கீழ்நோக்கிச் சாய்ந்தே நிற்கும். பால் ஜாயிண்ட் தன் கோணத்தின் ஓரத்தில் வேலை செய்யும். சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கினாலும் ஆர்ம் தன் கீழெல்லைத் தடுப்பில் இடிக்கும். டோ கோணமும் மாறிவிடும். பழைய சத்தம் ஒரு வாரம் மறைந்திருந்து, புதிய சத்தமாகத் திரும்பி வரும். பார் நாளடைவில் தளர்ந்து வண்டி தாழ்ந்திருந்தால், தயாரிப்பாளர் சொல்லும் உயரத்துக்கு, அலைன்மெண்ட்டோடு சேர்த்துக் கொண்டுவருவது வேறு. அது முறையான வேலை.

பாலியூரிதேன் புஷ் எண்ணெய்க்கும் வெயிலுக்கும் ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அதிர்வை அப்படியே சட்டத்துக்குக் கடத்தும், கிரீஸ் வைக்காவிட்டால் கிறீச்சிடும். சரக்கு வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. முன்னால் கனமான இரும்புக் காப்புச் சட்டம் (புல் பார்) மாட்டியிருப்பவர்கள், முதலில் அதைக் கழற்றலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. அத்தகைய காப்புச் சட்டங்களை அகற்றும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, முன் அச்சுக்கு முன்னால் தொங்கும் அந்த எடை முழுவதையும் சுமப்பது அதே பால் ஜாயிண்ட்தான்.

வண்டியையே மாற்றுவது

மைத்துனரின் யோசனையை முதலில் நான் பொருட்படுத்தவில்லை. பிறகு அவர் தடத்தில் ஒரு நாள் கூடப் போனபோது புரிந்தது. தேரி மணலிலும் கடலோரப் பாதையிலும் தினமும் ஓடும் வண்டிக்கு, முன்பக்கம் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள அமைப்பே ஏற்றது. 2005இல் வந்த டாடா ஏஸ் முன்பக்கத்தில் இத்தகைய அமைப்போடுதான் வந்தது. இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் இருப்பது இரட்டை ஆர்ம் வைத்த தனித்தனிச் சஸ்பென்ஷன். பட்டை வண்டியில் முக்கியமாகத் தேயக்கூடியவை, சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியான கிங் பின்னும், பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்ஷும், ஸ்பிரிங் பின்னும். கிங் பின் புஷ்ஷை எந்த லேத் பட்டறையிலும் புதிதாகக் கடைந்து போட்டுவிடலாம். கிரீஸ் நிப்பிள்கள் இருப்பதால், மணலும் நீரும் உள்ளே போனாலும் புதுக் கிரீஸை அடித்து வெளியே தள்ளிவிட முடியும். பெரும்பாலான தனித்தனிச் சஸ்பென்ஷன் வண்டிகளில் பால் ஜாயிண்ட் மூடி முத்திரையிட்டதாக வருவதால், அந்த வசதி இல்லை.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பட்டை வண்டி அவ்வளவு நிதானமாக இராது. வெற்று வண்டியாகத் திரும்பும்போது குலுக்கல் அதிகம். வாழைப்பழம், முட்டை, தக்காளி போன்ற நசுங்கும் சரக்கை ஏற்றுபவர்களுக்கு அந்தக் குலுக்கல் நேரடி நஷ்டம். பட்டை மாற்றும்போது, பட்டையை அச்சோடு கட்டும் யு போல்ட்டைப் பழையதையே மறுபடி போடாமல் புதிதாகப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். இல்லையெனில் பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்துவிடும். கூடுதல் பட்டை சேர்த்துக்கொண்டு கூடுதல் சரக்கு ஏற்றலாம் என்ற எண்ணத்தில் மட்டும் இந்தப் பக்கம் வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆர்.சி.யில் எழுதிய எடை பட்டையால் கூடுவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய்.

மைத்துனர் தன் வண்டியை விற்றுப் பட்டை வண்டி வாங்கினார்; அவர் தடத்துக்கு அது சரியான முடிவு. எங்கள் வண்டி நாளில் பெரும்பகுதி நாங்குநேரியிலிருந்து நான்குவழிச் சாலையில் ஓடுகிறது; சரக்கு நசுங்கும் சரக்கு. ஆகவே வண்டியை வைத்துக்கொண்டு, லோயர் ஆர்ம்கள், டை ராட் எண்ட்கள், ஷாக் அப்சார்பர்கள் ஆகியவற்றை இரு பக்கமும் ஒரே நாளில் மாற்றினோம். அடுத்த எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) ஐந்து மாதம் இருந்தது. எட்டு வருடத்துக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு வருடந்தோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதால், இத்தகைய பெரிய வேலையை அதற்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டால் ஒரே பிரிப்பில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். நாங்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. ஆடும் பால் ஜாயிண்ட்டோடு ஐந்து மாதம் ஓட்ட யாருக்கும் நான் யோசனை சொல்ல மாட்டேன்.

வேலை முடிந்த அன்று, வள்ளியூர் மேஸ்திரி ஒவ்வொரு நட்டின் மேலும் ஆர்மின் மேலும் சேர்ந்தாற்போல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். நட் அசைந்தால் கோடு முறியும். அதற்குப் பிறகு வண்டி 19,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சந்தை முடிந்து வண்டியைக் கழுவும் ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் ஓட்டுநர் குனிந்து அந்தக் கோடுகளையும் ரப்பர் உறைகளையும் டார்ச் அடித்துப் பார்க்கிறார். வேகத்தடைக்கு முன்னாலேயே பிரேக்கைப் பிடித்து, ஏறும்போது விட்டுவிடவும் பழகிக்கொண்டார். முன் டயர்கள் இரண்டும் இதுவரை ஒரே சீராகவே தேய்ந்து வருகின்றன.